பில்லிக்கு ஏன் மிருகக்காட்சிசாலையில் வேலை கிடைக்கவில்லை?

உழைக்கும் வர்க்கத்துப் பிள்ளைகளின் பதின்பருவத்தைச் சொன்ன படங்களில் ‘கெஸ்’ இன்றும் முன்வரிசையில் நிற்கிறது. தன் நாயகனைக் காப்பாற்ற மறுத்ததுதான் அந்தப் படத்தின் நேர்மை.

கென் லோச் இயக்கி 1969-இல் வெளிவந்த ‘கெஸ்’ படத்தின் கதையைச் சில வரிகளில் சொல்லிவிடலாம். வட இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில், பார்ன்ஸ்லி என்ற நிலக்கரிச் சுரங்க நகரத்தில் வாழும் பையன் பில்லி காஸ்பர். அப்பா வீட்டை விட்டுப் போய்விட்டார். அம்மாவுக்கு அவனைக் கவனிக்க நேரமில்லை. அண்ணன் ஜட் சுரங்கத்தில் வேலை பார்க்கிறான். தம்பியோடு ஒரே கட்டிலில் படுக்கிறான். எரிச்சல் வரும்போதெல்லாம் அவனை அடிக்கிறான். பில்லி விடியற்காலையில் வீடு வீடாகப் பேப்பர் போடுகிறான், பகலில் பள்ளிக்கூடத்தில் பிரம்படி வாங்குகிறான். சீக்கிரமே பள்ளி முடிகிறது. அதற்குப் பிறகு அவனுக்காகக் காத்திருப்பது சுரங்கம். இந்த நிலையில் ஒரு பாழடைந்த சுவரின் பொந்திலிருந்து கெஸ்ட்ரல் என்னும் சிறு வல்லூற்றின் குஞ்சை எடுத்துவருகிறான். பழைய புத்தகக் கடையில் ஒரு புத்தகத்தைத் திருடி, அதைப் படித்துப் பறவையைப் பழக்குகிறான். கடைசியில் அண்ணன் அந்தப் பறவையைக் கொன்று குப்பைத் தொட்டியில் போடுகிறான். பில்லி அதை எடுத்துப் புதைக்கிறான். அத்தோடு படம் முடிகிறது.

படம் உருவான காலத்தில் லோச்சுக்கு ஒரு யோசனை சொல்லப்பட்டது: பில்லிக்கு மிருகக்காட்சிசாலையில் வேலை கிடைப்பதாக முடித்தால் என்ன? கேட்பதற்கு நியாயமாகவே இருக்கிறது. பறவைகளை அறிந்த பையனுக்குப் பறவைகளோடு ஒரு வேலை. திறமைக்கு மதிப்பு, துயரத்துக்கு ஆறுதல், பார்வையாளருக்கு நிம்மதி. லோச் அதை ஏற்கவில்லை. இந்த மறுப்பை ஒரு கலைஞனின் பிடிவாதம் என்று ஒதுக்கிவிட முடியாது. படத்தின் அரசியல் முழுவதும் இதில்தான் இருக்கிறது. பில்லி ஒருவன் தப்பித்துவிட்டால், அவன் வகுப்பில் இருக்கும் மற்ற பையன்கள் சுரங்கத்துக்குப் போவது அவர்களுடைய திறமைக்கேற்ற முடிவு என்று ஆகிவிடும். அப்படிப்பட்ட முடிவு ஒரு சிறுவனைக் காப்பாற்றும்; அவனை அங்கே தள்ளிய ஏற்பாட்டையும் சேர்த்துக் காப்பாற்றிவிடும். உழைக்கும் வர்க்கத்து இளமையைக் கூர்மையாகச் சொல்லும் படத்துக்கு இருக்க வேண்டிய முதல் தகுதி, இந்த விதிவிலக்கின் ஆசைக்கு இடம் கொடுக்காமல் இருப்பதுதான்.

பதினோரு வயதில் எழுதப்பட்ட தலைவிதி

பில்லியின் பள்ளியைப் புரிந்துகொள்ள இங்கிலாந்தின் 1944-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்துக்குப் போக வேண்டும். எல்லோருக்கும் இலவச இடைநிலைக் கல்வி என்பது அந்தச் சட்டத்தின் பெருமை. ஆனால் நடைமுறையில் அந்தக் கல்வி இரண்டாகப் பிரிந்தது. 11 வயதில் எழுதும் ‘லெவன் பிளஸ்’ தேர்வில் தேறிய ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குப் பிள்ளைகள் கிராமர் பள்ளிக்குப் போனார்கள். அங்கிருந்து பல்கலைக்கழகத்துக்கும் அலுவலக வேலைக்கும் வழி இருந்தது. மற்றவர்களில் பெரும்பாலோர் செகண்டரி மாடர்ன் பள்ளிகளுக்குப் போனார்கள். 15 வயதில், பெரும்பாலும் எந்தச் சான்றிதழும் இல்லாமல் வெளியே வந்தார்கள். ஒரு காலைப்பொழுதில் எழுதிய பரீட்சை, எவன் கை மையில் படும், எவன் கை கரியில் படும் என்று தீர்மானித்தது. 1965-இல் தொழிற்கட்சி அரசு, இரு வகைப் பள்ளிகளையும் ஒன்றாக்கும்படி உள்ளாட்சிக் கல்வி அமைப்புகளைக் கேட்டுக்கொண்டது. மாற்றம் மெதுவாகவே நடந்தது. பில்லி அந்தப் பழைய ஏற்பாட்டின் கடைசித் தலைமுறைகளில் ஒருவன்.

இதன் கொடுமை அரசுக்குத் தெரியாமல் இருந்ததில்லை. சராசரியாகவும் அதற்குக் கீழும் மதிப்பிடப்பட்ட பிள்ளைகளின் கல்வியை ஆராய்ந்த நியூசம் குழு 1963-இல் தன் அறிக்கையைக் கொடுத்தது. ‘நம் எதிர்காலத்தின் பாதி’ என்பது அதன் தலைப்பு. கட்டாயக் கல்வி வயதை 15-இலிருந்து 16 ஆக்க வேண்டும் என்று அது பரிந்துரைத்தது. அரசும் ஒப்புக்கொண்டது. ஆனால் பவுண்டின் மதிப்பு குறைக்கப்பட்டதைத் தொடர்ந்து வந்த சிக்கன நடவடிக்கையில், 1968 ஜனவரியில், அந்த உயர்வு இரண்டு ஆண்டுகளுக்குத் தள்ளிப்போடப்பட்டது. அதைக் கண்டித்து லாங்ஃபோர்ட் பிரபு அமைச்சரவையிலிருந்தே விலகினார். படத்துக்கு மூலமான பேரி ஹைன்ஸின் நாவல் வெளிவந்ததும் அதே 1968. அந்த ஆண்டின் கோடையில்தான் படப்பிடிப்பும் நடந்தது. நாட்டின் கணக்கு இடித்தபோது முதலில் வெட்டப்பட்டது பில்லி போன்றவர்களின் ஓராண்டுப் படிப்பு. படத்தில் இதைப் பற்றி ஒரு வசனமும் இல்லை. ஆனால் அந்த வகுப்பறையில் உட்கார்ந்திருக்கும் ஒவ்வொரு பையனின் முகத்துக்குப் பின்னாலும் இந்த முடிவு நிற்கிறது.

பேரி ஹைன்ஸின் வாழ்க்கையே இதற்கு வலுவான சாட்சி. பார்ன்ஸ்லி பக்கத்தில் ஒரு சுரங்கத் தொழிலாளியின் வீட்டில் பிறந்தவர் அவர். லெவன் பிளஸ் தேறி கிராமர் பள்ளிக்குப் போனார். பிறகு உடற்கல்வி ஆசிரியர் ஆனார், எழுத்தாளர் ஆனார். தம்பி ரிச்சர்ட் அதே தேர்வில் தோற்று செகண்டரி மாடர்ன் பள்ளிக்குப் போனார். கெஸ்ட்ரல் வளர்த்தவர், வல்லூறு பழக்கும் கலையைத் தானே கற்றுக்கொண்டவர் தோற்ற தம்பிதான். படத்துக்கான பறவைகளைப் பழக்கியதும் அவரே. ஒரே வீடு, ஒரே தாய் தகப்பன், ஒரே சாப்பாடு. பொறுமை, கூர்ந்த கவனம், புத்தகத்தில் படித்ததைக் கையால் செய்து பார்க்கும் திறன் ஆகிய எல்லாம் கொண்ட பிள்ளையைத்தான் அந்தத் தேர்வு வேண்டாம் என்று ஒதுக்கியது. தேர்வு எதை அளந்தது என்ற கேள்விக்கு இதைவிட நேரடியான பதில் கிடைப்பது அரிது.

அறிவு எங்கே இருக்கிறது?

படத்தின் நடுவில் வரும் வகுப்பறைக் காட்சியைப் பலர் நெகிழ்ந்து பேசியிருக்கிறார்கள். உண்மை எது, கற்பனை எது என்று பாடம் நடத்தும் ஆங்கில ஆசிரியர் ஃபார்திங், வாய் திறக்காத பில்லியை எழுப்பித் தன்னைப் பற்றிய ஓர் உண்மையைச் சொல்லச் சொல்கிறார். மற்ற பையன்கள் வல்லூறு விஷயத்தை எடுத்துக்கொடுக்கிறார்கள். முதலில் தயங்கும் பில்லி, பேசத் தொடங்கியதும் ஆளே மாறுகிறான். பறவையின் காலில் கட்டும் தோல்வார், அதில் மாட்டும் சுழல் வளையம், இறைச்சியைக் காட்டி அழைக்கும் தூரத்தை ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவது, முதன்முதலாகக் கயிறில்லாமல் பறக்கவிட்ட நாளின் பதற்றம் என்று வரிசை பிசகாமல் விளக்குகிறான். ஆசிரியர் அறியாத சொற்களை அவனே கரும்பலகையில் எழுதிக் காட்டுகிறான். வகுப்பு மொத்தமும் அவனைக் கேட்கிறது. அங்கே வெளிப்படுவது ஏதோ அபூர்வப் பிறவித் திறமை என்று நினைத்தால் காட்சியின் பொருள் பாதியாகிவிடும். அவன் செய்திருப்பது ஒரு தொழிலைக் கற்றுக்கொள்வது: கருவியை அறிவது, படிப்படியாக முயல்வது, தவறினால் என்ன ஆகும் என்று முன்கூட்டியே யோசிப்பது. அவன் அண்ணனும் அண்டை வீட்டார்களும் பூமிக்கடியில் செய்யும் வேலைக்கு வேண்டியதும் இதே வகை அறிவுதான். பள்ளிக்கூடம் காணத் தவறியது ஒரு பையனின் மேதைமையை மட்டுமல்ல. ஒரு வர்க்கம் முழுவதன் அறிவையும்தான்.

இதற்கு நேர் எதிராக வருகிறது வேலைவாய்ப்பு அதிகாரியோடு நடக்கும் சந்திப்பு. அலுவலக வேலையா, உடலுழைப்பா என்று கேட்கிறார். சுரங்கத்துக்குப் போகமாட்டேன் என்கிறான் பில்லி. இப்போதெல்லாம் சுரங்கத்தில் வசதிகள் எவ்வளவோ முன்னேறிவிட்டன என்கிறார் அவர். பொழுதுபோக்கு ஏதாவது உண்டா என்றும் கேட்கிறார். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் பில்லி அண்ணனுக்குப் பயந்து ஒளிந்து திரிந்துகொண்டிருக்கிறான். எப்போது வெளியே ஓடலாம் என்பதிலேயே அவன் மனம் இருக்கிறது. பறவையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் எழுந்து போகிறான். அதிகாரி கெட்டவர் அல்லர். அவர் கையில் இருக்கும் படிவத்தில் பில்லிக்கு ஒதுக்கப்பட்ட கட்டங்கள் அவ்வளவுதான். பறவையைப் பற்றி அவன் சொல்லியிருந்தாலும் அதை எழுத அதில் இடம் இருந்திருக்காது.

தலைமையாசிரியர் கிரைஸின் அறையும் இதே உண்மையைச் சொல்கிறது. இந்தத் தலைமுறை யார் பேச்சையும் கேட்பதில்லை என்று நீளமாகக் குறைபட்டுக்கொள்கிறார் அவர். வேறோர் ஆசிரியர் அனுப்பிய செய்தியைச் சொல்ல வந்த சின்னப் பையன் ஒருவன் அதே வரிசையில் நிற்கிறான். அவன் வாய் திறக்க ஒரு கணமும் கொடுக்காமல், புகை பிடித்து மாட்டிக்கொண்டவர்களோடு சேர்த்து அவனுக்கும் பிரம்படி விழுகிறது. கேட்காதவர் யார் என்று படம் விளக்கவில்லை, காட்டிவிடுகிறது.

குற்றவாளி அண்ணனா?

இந்த வாசிப்புக்கு எதிராக வைக்கப்படும் முதல் வாதம் எளிமையானது: பறவையைக் கொன்றது அரசோ பள்ளிக்கூடமோ அல்ல, கூடப் பிறந்த அண்ணன். குடும்பத்தின் வன்முறைக்குச் சமூகத்தைக் குறைசொல்வது தப்பித்தல் இல்லையா? ஜட்டின் கொடுமையைப் படம் எங்கும் மென்மையாக்கவில்லை, யாரும் அதை மென்மையாக்கவும் கூடாது. ஆனால் அந்தக் கொலைக்கான காரணத்தைக் கவனிக்க வேண்டும். குதிரைப் பந்தயத்தில் கட்டும்படி தம்பியிடம் காசு கொடுத்துவிட்டு வேலைக்குப் போகிறான் ஜட். அந்தக் குதிரைகள் வராது என்று யாரோ சொன்னதை நம்பி, பில்லி அந்தக் காசில் தனக்குச் சாப்பாடு வாங்கிவிடுகிறான். இரண்டு குதிரைகளும் ஜெயிக்கின்றன. அந்தப் பணம் கிடைத்திருந்தால் ஒரு வாரம் வேலைக்குப் போகாமல் இருந்திருக்கலாம் என்பதுதான் ஜட்டின் ஆத்திரம். கோட்டும் காரும் போனதற்காக அவன் வெறிகொள்ளவில்லை. சுரங்கத்துக்குள் இறங்காமல் இருக்கும் ஒரு வாரம் பறிபோனதற்காக வெறிகொள்கிறான். பில்லி நாளை எங்கே அனுப்பப்பட இருக்கிறானோ, அந்த இடம் அவன் அண்ணனை என்ன செய்திருக்கிறது என்பதை அந்தக் கணம் காட்டுகிறது. ஜட் குற்றவாளிதான். அதே ஏற்பாடு சில ஆண்டுகளுக்கு முன்பு உருவாக்கி அனுப்பிய இளைஞனும் அவன்தான்.

இரண்டாவது வாதம் ஃபார்திங்கைப் பற்றியது. நல்ல ஆசிரியர் ஒருவர் இருந்தால் போதும், எல்லாம் மாறும் என்பதற்குப் படமே சான்று அல்லவா? ஃபார்திங் உண்மையிலேயே நல்லவர். மதிய இடைவேளையில் வயல்வெளிக்கு வந்து பறவை பறப்பதைப் பார்க்கிறார், பில்லியை அடிக்கும் பையனைத் தடுக்கிறார். அந்த வேடத்துக்காகக் காலின் வெலண்டுக்குப் பாஃப்டா விருதும் கிடைத்தது. ஆனால் அவரால் பில்லிக்குக் கொடுக்க முடிந்தது சில நிமிட மரியாதை மட்டுமே. வேலைவாய்ப்பு அதிகாரியின் படிவத்தையோ தேர்வின் முடிவையோ அவரால் மாற்ற முடியவில்லை. ஒரு நல்ல மனிதரின் பரிவு எவ்வளவு தூரம் செல்லும், எங்கே நின்றுவிடும் என்பதை இவ்வளவு துல்லியமாக வரையறுத்ததுதான் அந்தப் பாத்திரத்தின் மதிப்பு. அமைப்பு செய்ய வேண்டியதை ஆசிரியரின் கருணையின் தலையில் கட்டும் வழக்கத்தை லோச் ஏற்கவில்லை.

உண்மைக்குக் கொடுத்த விலை

மூன்றாவது ஆட்சேபம் படம் எடுக்கப்பட்ட முறை பற்றியது. இதை எளிதில் தள்ளிவிட முடியாது. பில்லியாக நடித்த டேவிட் பிராட்லி பார்ன்ஸ்லியிலேயே பள்ளியில் படித்துக்கொண்டிருந்த பையன். கால்பந்து மைதானத்தில் தன்னைப் பாபி சார்ல்டனாகவே நினைத்துக்கொண்டு சிறுவர்களை இடித்துத் தள்ளும் பி.டி. மாஸ்டர் சக்டனாக வந்த பிரையன் குளோவர், நிஜத்தில் பார்ன்ஸ்லியில் ஆசிரியராக இருந்தவர், மல்யுத்த வீரரும்கூட. ஒளிப்பதிவாளர் கிறிஸ் மெஞ்சஸ், செக்கோஸ்லோவாக்கியாவின் புதிய அலைப் படங்களிலிருந்து கற்றதைக் கொண்டு, கேமராவைத் தள்ளி வைத்து, கிடைத்த வெளிச்சத்தில் முகங்களைப் படம்பிடித்தார். பிள்ளைகள் கேமராவை மறந்து இருந்ததன் பலன் ஒவ்வொரு சட்டகத்திலும் தெரிகிறது. ஆனால் பிரம்படிக் காட்சியில் விழுந்தவை உண்மையான அடிகள். அது சிறுவர்களுக்கு முன்னதாகச் சொல்லப்படவில்லை. தான் கைப்பட வளர்த்த பறவையே கொல்லப்பட்டுவிட்டதாகப் பிராட்லி நம்பும்படி விடப்பட்டார். உண்மையில் படத்தில் காட்டப்பட்டது ஏற்கெனவே இறந்துபோன வேறொரு பறவை. பிள்ளைகளைக் கேட்காமல் அடிக்கும் பள்ளியைக் கண்டிக்கும் படம், பிள்ளைகளைக் கேட்காமல் அடிக்கவைத்தது தவறு. அந்தக் கண்ணீரின் உண்மைத்தன்மையைச் சொல்லி அதை நியாயப்படுத்த முடியாது. இன்று அப்படிச் செய்ய எந்தப் படப்பிடிப்பிலும் அனுமதி இருக்காது, இருக்கவும் கூடாது. படத்தின் வாதத்தை ஒப்புக்கொள்பவர்தான் இந்தக் குறையை இன்னும் உரத்துச் சொல்ல வேண்டும். ஏனெனில் அந்த வாதமே சிறுவர்களின் குரலை மதிப்பதைப் பற்றியது.

நான்காவதாக, இது நம்பிக்கையைக் கொல்லும் படம், வறுமையைக் காட்சிப்பொருளாக்கும் படம் என்ற குற்றச்சாட்டு. இதோடு ஒப்பிடப் பொருத்தமானது 2000-இல் வந்த ‘பில்லி எலியட்’. அதுவும் வட இங்கிலாந்துச் சுரங்கக் கிராமம். 1984-85 சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தக் காலம். அந்தச் சூழலில் நடனத் திறமை வாய்ந்த ஒரு சிறுவன். அவன் லண்டனின் ராயல் பாலே பள்ளிக்குப் போகிறான். தோற்றுப்போன அப்பாவும் அண்ணனும் மறுபடியும் சுரங்கத்துக்குள் இறங்குகிறார்கள். நேர்மையான படம்தான், இறங்கும் அந்த லிஃப்டை அது மறைக்கவில்லை. ஆனால் பார்வையாளரின் கண்ணீர் மேடையில் துள்ளும் உடலோடு போய்விடுகிறது. கீழே இறங்கியவர்கள் பின்னணி ஆகிவிடுகிறார்கள். ‘கெஸ்’ பின்னணியை முன்னால் கொண்டுவருகிறது. அதில் நம்பிக்கை இல்லை என்பதும் சரியல்ல. கால்பந்துக் காட்சி வாய்விட்டுச் சிரிக்கவைக்கிறது. புல்வெளிக்கு மேல் பறவை வட்டமிடும் காட்சிகளில் விடுதலையின் சுவை இருக்கிறது. கற்றுக்கொள்ளும் ஆற்றல் எல்லோரிடமும் இருக்கிறது என்ற உறுதி படம் முழுவதும் இருக்கிறது. அந்த உறுதியை ஒரே ஒரு பையனின் வெற்றியாகச் சுருக்கித் தர மறுக்கிறது, அவ்வளவுதான்.

சுரங்கமும் போன பிறகு

கடைசி ஆட்சேபம்: அந்த இங்கிலாந்து இப்போது இல்லை. 1972-இல் கட்டாயக் கல்வி வயது 16 ஆனது. 1987-இல் அரசுப் பள்ளிகளில் பிரம்படி சட்டப்படி ஒழிந்தது. லெவன் பிளஸ் பெரும்பாலான பகுதிகளில் மறைந்தது. கென்ட் போன்ற சில இடங்களில் மட்டும் நீடிக்கிறது. சுரங்கங்களும் ஒவ்வொன்றாக மூடப்பட்டு, பிரிட்டனின் கடைசி ஆழ்நிலக்கரிச் சுரங்கமான யார்க்‌ஷயரின் கெல்லிங்லி 2015 டிசம்பரில் மூடப்பட்டது. இவற்றில் பல உண்மையான முன்னேற்றங்கள். அவற்றுக்காகப் போராடியவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். ஆனால் பிள்ளைகளைப் பிரித்தெடுக்கும் ஏற்பாடு போய்விட்டதா?

ஆண்ட்ரியா அர்னால்ட் எடுத்து 2009-இல் கான் திரைப்பட விழாவில் ஜூரி பரிசு பெற்ற ‘ஃபிஷ் டேங்க்’ இதற்குப் பதில் சொல்கிறது. கிழக்கு லண்டனும் எசெக்ஸும் சந்திக்கும் பகுதியில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. அங்கே 15 வயது மியா. படம் பிடிக்கப்பட்ட மார்டைக் குடியிருப்பு இருந்தது டாகன்ஹாமின் ஃபோர்டு தொழிற்சாலைக்கு அருகில். ஒரு காலத்தில் அந்த வட்டாரத்துக்குச் சம்பளம் கொடுத்த அந்தத் தொழிற்சாலையில் கார் உற்பத்தி 2002-இல் நின்றுபோனது. மியாவைப் பிரம்பால் அடிக்க யாரும் இல்லை. அவளைப் பள்ளியிலிருந்து விலக்கிவிட்டார்கள். அவளுக்காகக் காத்திருக்கும் சுரங்கம் இல்லை. அவளுக்காக எதுவுமே காத்திருக்கவில்லை. ஆளில்லாத ஒரு வீட்டில் தனியாக நடனம் பழகுகிறாள். அதைப் பாராட்டும் ஒரே பெரியவர் அம்மாவின் காதலன். அவனோ அவளைச் சுரண்டிவிடுகிறான். நடனத் தேர்வுக்குப் போனால், அங்கே வேண்டியது அவள் நடனம் அல்ல, உடல் என்று தெரிகிறது. இறங்கிப் போய்விடுகிறாள். மியாவாக நடித்த கேட்டி ஜார்விஸ் முன்பு நடித்தே இராதவர். டில்பரி டவுன் ரயில் நிலையத்தில் காதலனோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தபோது கண்டெடுக்கப்பட்டவர். அகலத் திரைக்குப் பதிலாகப் பழைய சதுரச் சட்டகத்தில் ராபி ரயன் செய்த ஒளிப்பதிவு அவளை விட்டு விலகுவதே இல்லை. லோச்சின் பாதையில் வந்த படம்தான்; ஆனால் நாற்பது ஆண்டுகளில் வந்த மாற்றத்தையும் அது பதிவுசெய்கிறது. பில்லியின் காலத்தில் பள்ளி அவனைத் தேவையான ஒரு கூலியாகக் கணக்கெடுத்தது. மியாவின் காலத்தில் கணக்கிலிருந்தே எடுத்துவிட்டது.

இந்தப் படங்களைப் பார்க்கும்போது நாம் வழக்கமாகக் கேட்கும் கேள்வி, இந்தப் பிள்ளை வெளியே வந்துவிடுமா என்பது. அந்தக் கேள்வியில் அன்பு இருக்கிறது, ஆனால் ‘வெளியே’ என்று சொல்லும்போதே உள்ளே இருப்பவர்களைக் கைவிட்டுவிடுகிறோம். திறமைசாலிக்கு வாய்ப்பு வேண்டும் என்பதை இன்று யாரும் மறுப்பதில்லை. உதவித்தொகைகளும் நுழைவுத்தேர்வுகளும் வெற்றிக் கதைகளும் அதன் பெயரில்தான் நடக்கின்றன. அது நீதியின் பாதி மட்டுமே. எந்த மேடையிலும் எதையும் நிரூபிக்காத பிள்ளைக்கும் அடி விழாத வகுப்பறை வேண்டும். தன்னிடம் இருப்பதைச் சொல்ல நேரம் வேண்டும். உடலையும் மனத்தையும் தின்றுவிடாத வேலை வேண்டும். கூலியோடு கூடிய ஓய்வு வேண்டும். அது கிடைத்திருந்தால் ஜட் ஒரு வார விடுதலைக்காகக் குதிரைகளை நம்பியிருக்க மாட்டான். கல்வி அமைச்சர்களையும் திரைக்கதை எழுதுகிறவர்களையும் நாம் ஒரே அளவுகோலால் மதிப்பிடலாம்: தேறியவர்களுக்கு என்ன கொடுத்தீர்கள் என்பதால் அல்ல, தேறாதவர்களுக்கு என்ன மிச்சம் வைத்தீர்கள் என்பதால்.